கீல் பிய்ந்த ஃபைபர் கதவு: படகு ஒட்டும் கைமுறையில் ஒரு ரிப்பேர்

கடலூரில் எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவு கொஞ்ச நாளாகவே தரையை உரசிக்கொண்டிருந்தது. அப்புறம் மேல் கீல், ஸ்க்ரூக்களோடு சேர்ந்து கதவை விட்டுப் பிய்ந்து வந்துவிட்டது. அது ஃபைபர் கதவு. வருடக்கணக்காகத் தண்ணீரும் சோப்பும் பட்டும் வெளித்தோலில் ஒரு விரிசல் இல்லை, நிறம்கூடப் பெரிதாக மங்கவில்லை. ஆனால் ஹார்டுவேர் கடையில் கேட்டால் பதில் ஒன்றுதான்: "ஃபைபர் கதவுல ஒட்டு வேலையெல்லாம் நிக்காது சார், புதுசு மாட்டிடுங்க."

நிற்கும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் இந்த ஒட்டு வேலை தினமும் நடக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கட்டுமரம் குறைந்து ஃபைபர் படகு பெருகிவிட்டது. அலையில் அடிபட்டு, கரையில் இழுபட்டு, கிழிந்து வரும் படகுகளை அங்கேயே மணலில் கவிழ்த்துப் போட்டு ஒட்டுகிறார்கள். மறுபடி அதே படகு கடலுக்குப் போகிறது. படகுக்கும் கதவுக்கும் பொருள் ஒன்றே: கண்ணாடி நார், அதைப் பிடித்து இறுகும் பாலியெஸ்டர் ரெசின் என்ற பிசின். கடலில் நிற்கும் ஒட்டு குளியலறையில் நிற்காதா?

இந்த வேலையைச் செய்து முடித்ததில் ஒரு விஷயம் எனக்கு உறுதியாகிவிட்டது. ஃபைபரோ, டபிள்யூபிசியோ (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை), பிவிசியோ, இந்த மாதிரிக் கதவுகளில் பொருள் தோற்பதில்லை. ஸ்க்ரூ போய்ப் பிடிக்கிற இடம்தான் தோற்கிறது. கடையில் நாம் கதவின் கனத்தைக் கேட்கிறோம், நிறத்தைப் பார்க்கிறோம், விரலால் தட்டிப் பார்க்கிறோம். கீல் வரும் இடத்தில் உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்பதே இல்லை. கதவுகளைச் சோதிப்பதற்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 4020-ல் கதவைப் படீரென்று அறைந்து பார்ப்பது, கீழ்முனையைத் தண்ணீரில் ஊறவைப்பது எல்லாவற்றோடும் சேர்த்து, ஸ்க்ரூவைப் பிடுங்கிப் பார்க்கும் சோதனையும் தனியாக இருக்கிறது. அதை வைத்தவர்கள் அனுபவப்பட்டவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

உள்ளே என்ன இருந்தது

கதவைக் கழற்றி மாடியில் இரண்டு ஸ்டூல் மேல் கிடத்தினேன். ஃபைபர் கதவின் அமைப்பு எளிமையானது. இரண்டு பக்கமும் சுமார் 2 மி.மீ. கனத்தில் ஃபைபர் தோல். நடுவில் மஞ்சள் நிறப் பாலியூரித்தேன் நுரை. கீல், தாழ்ப்பாள், கைப்பிடி வரும் இடங்களில் மட்டும் மரக்கட்டை. ஸ்க்ரூவுக்குப் பிடி கொடுப்பது இந்த மரக்கட்டை மட்டும்தான். 2 மி.மீ. தோலில் மரையின் இரண்டு சுற்றுகூட உட்காராது, நுரைக்கு ஸ்க்ரூவைப் பிடிக்கும் சக்தியே கிடையாது.

பிய்ந்த இடத்தில் ஓட்டை வழியாக ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினேன். மரம் கருப்பாக, ஈரத்தூளாக உதிர்ந்து வந்தது. கைக்கு வந்த ஸ்க்ரூ ஒன்று நடுவில் தீக்குச்சி அளவுக்கு இளைத்திருந்தது. தலை மட்டும் நன்றாக இருந்தது.

இதற்குக் காரணம் தெளிவு. கீல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஸ்க்ரூ சாதா இரும்பில் முலாம் பூசியது. இரண்டு உலோகம் ஒன்றோடொன்று தொட்டு, நடுவில் உப்பு ஈரமும் இருந்தால், மட்டமான உலோகம்தான் அரித்துப் போகும். அதிலும் கீல் பெரிது, ஸ்க்ரூ சிறிது என்பதால் அரிப்பு முழுவதும் அந்தச் சின்ன ஸ்க்ரூமேல் குவிகிறது. கடலோர ஊர்க் காற்றில் உப்புக்குக் குறைவில்லை. இரும்பு துருப்பிடிக்கும்போது அதைச் சுற்றியுள்ள ஈர மரமும் கெட்டு மாவாகிறது. ஓட்டை தளர்ந்ததும் அதிகத் தண்ணீர் உள்ளே போகிறது, இன்னும் தளர்கிறது. கதவைப் பொருத்தும் நாளில் ஸ்க்ரூ வாங்கச் செலவாகும் சில ரூபாயில் வைத்த சிக்கனம் இது.

ஆனால் மரம் கெட்டது மட்டும் காரணமாக இருந்தால் கீழ்க் கீல்தான் முதலில் போயிருக்க வேண்டும். தண்ணீர் தெறிப்பது அங்கேதான். மேலே ஏன் போனது?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கதவு ஏறக்குறைய 15 கிலோ. அகலம் 70 செ.மீ., எடை நடுவில், அதாவது கீலிலிருந்து 35 செ.மீ. தள்ளி விழுகிறது. மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடைவெளி 150 செ.மீ. பதினைந்தை முப்பத்தைந்தால் பெருக்கி நூற்றைம்பதால் வகுத்தால் மூன்றரை. மேல் கீலின் ஸ்க்ரூக்களைக் கதவு வெளியே இழுக்கும் விசை மூன்றரைக் கிலோ எடைக்குச் சமம், அவ்வளவுதான். கைப்பிடியில் 25 கிலோ குழந்தை தொங்கினாலும் இன்னொரு பதினொரு கிலோ கூடும். நல்ல மரத்தில் ஏறிய ஒரே ஒரு ஸ்க்ரூ இதைத் தாங்கும்.

ஓட்டைகளை மறுபடி பார்த்தபோது விடை கிடைத்தது. அவை வட்டமாக இல்லை. கதவின் கனத்துக்குக் குறுக்கே நீண்டு, நெல் வடிவில் இருந்தன. ஸ்க்ரூவை யாரோ வெளியே இழுக்கவில்லை, பக்கவாட்டில் நெம்பியிருக்கிறார்கள். கதவின் மேல் ஓரத்தில், கீலிலிருந்து மூன்று நான்கு செ.மீ. தள்ளி, பளபளப்பு தேய்ந்து ஒரு மங்கலான தடம். நிலையிலும் அதற்கு நேரே அதே தடம்.

துண்டு! குளிக்கப் போகிறவர்கள் துண்டையும் மாற்றுத் துணியையும் கதவின் உச்சியில்தான் போடுகிறார்கள். நம் ஊரில் கொடி இல்லாத எந்தக் குளியலறையிலும் இதுதான் வழக்கம். ஈரத்துண்டு மெல்ல நகர்ந்து கீல் பக்கம் ஒதுங்கும். கதவைச் சாத்தும்போது நான்கு மடிப்புத் துணி கதவுக்கும் நிலைக்கும் நடுவில் மாட்டும். சாத்த வரவில்லையே என்று கைப்பிடியைக் கொஞ்சம் அழுத்தித் தள்ளுவோம். துணி இருப்பது கீலிலிருந்து 3 செ.மீ. தூரத்தில், நாம் தள்ளுவது துணியிலிருந்து 62 செ.மீ. தூரத்தில். கதவு முழுக்க ஒரு நெம்புகோலாகிவிடுகிறது. நாம் கொடுக்கும் விசை இருபது மடங்காகிக் கீலைத் தாக்குகிறது. ஐந்து கிலோ அழுத்தினால் நூறு கிலோ. துண்டு மேலே இருப்பதால் அதில் பெரும்பங்கு மேல் கீலுக்கே. இதைத் தினமும் வாங்கினால் எந்தக் கட்டையும் தளரும்.

ஆகவே ரிப்பேரின் முதல் வேலை கதவில் இல்லை, சுவரில். நல்ல கொக்கிகள் நான்கு, கதவுக்கு எதிர்ச்சுவரில். அது இல்லாமல் மற்ற எதைச் செய்தும் பிரயோசனமில்லை.

கரையில் கேட்டது

பாலியெஸ்டர் ரெசின் பற்றிப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, கையில் எடுப்பது வேறு. தேவனாம்பட்டினத்தில் படகு ஒட்டும் அண்ணன் ஒருவரிடம் போய், கதவின் கிழிந்த ஓரத்தைப் போனில் காட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது ஒண்ணும் இல்ல தம்பி, படகோட பின்பக்கத்துல இஞ்சின் மாட்டுற பலகை ஊறிப்போனா என்னா செய்வோமோ அதேதான்" என்றார். இஞ்சின் மாட்டும் பலகை ஃபைபருக்குள் பொதிந்த மரம். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி அது மக்கிப்போவது படகுக்காரர்களுக்குப் பழகிய வியாதி. வைத்தியமும் பழகியது: தோலை வெட்டித் திற, மக்கியதை முழுக்க எடு, காயவை, புதுக்கட்டையை ரெசினில் குளிப்பாட்டி வை, மேலே தோலைக் கட்டு.

அவர் சொன்னதில் நான் எழுதி வைத்துக்கொண்டவை சில. "பக்கத்துல நல்லாருக்கிற தோலை சரிவா தேய்ச்சுக்கணும். ஒரு பங்கு கனத்துக்குப் பன்னெண்டு பங்கு சரிவு. செங்குத்தா வெட்டி ஒட்டினா கோடு கோடா விட்டுப்போவும்." அப்புறம், "உள்ள தெர்மாகோல் இருந்தா ரெசின் ஊத்தாத, கரைஞ்சி ஓடிடும்." இது முக்கியம். பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் இருக்கிறது. அது தெர்மாகோலைக் கரைத்துவிடும், பாலியூரித்தேன் நுரையை ஒன்றும் செய்யாது. சில மலிவுக் கதவுகளில் தெர்மாகோல்தான் நிரப்பியிருக்கிறார்கள். எங்கள் கதவின் நுரைத்துண்டு ஒன்றை ரெசினில் போட்டு வைத்துப் பார்த்தோம். அப்படியே இருந்தது.

மூன்றாவது, எச்சரிக்கை. ரெசினில் இரண்டு மருந்து சேரும். ஒன்று கோபால்ட், ஊதா நிறம், வினையை முடுக்குவதற்கு. இன்னொன்று கேட்டலிஸ்ட் என்று எல்லோரும் சொல்லும் பெராக்சைடு, தண்ணீர் மாதிரி நிறமில்லாதது. இந்த இரண்டையும் நேருக்கு நேர் ஒருபோதும் கலக்கக்கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டுப் பிறகுதான் கேட்டலிஸ்ட். பெராக்சைடு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். நான் கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினாக வாங்கிக்கொண்டேன். அப்படியே விற்கிறார்கள். வீட்டில் செய்பவர்களுக்கு அதுதான் பாதுகாப்பு. கண்ணாடியும் கையுறையும் போடாமல் அந்தப் பாட்டிலைத் திறக்க வேண்டாம்.

வெட்டியதும் காயவைத்ததும்

குளியலறைப் பக்கம் வரும் முகத்தில், கீல் ஓரத்தை ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜன்னல் வெட்டினேன். உயரம் 45 செ.மீ. அவ்வளவு நீளம் எதற்கு என்றால், பழையபடி ஒரு கீலுக்கு மட்டும் கட்டை வைக்காமல், மேலே அடுத்தடுத்து இரண்டு கீலுக்கும் சேர்த்து ஒரே நீளக்கட்டையாக வைப்பது என்று முடிவு செய்திருந்தேன். மூன்றாவது கீலை நடுவில் போடுவதுதான் வழக்கம். மரக்கதவு வளைந்துகொடுக்கும் என்பதால் அதற்கு நடுவில் பிடி தேவை. ஃபைபர் கதவு அப்படி வளைவதில்லை. இழுவிசை முழுக்க மேலே இருக்கும்போது உதவிக்கு ஆளை மேலேயே வைப்பதுதான் சரி என்பது என் எண்ணம்.

வெட்டுவதற்கு ஆங்கிள் கிரைண்டரில் மெல்லிய டிஸ்க். இரண்டு நிமிட வேலை, ஆனால் கண்ணாடித் தூள் பறக்கும். முழுக்கை சட்டை, முகமூடி, கண்ணாடி மூன்றும் கட்டாயம். முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் கழுவிக்கொள்ள வேண்டும், துண்டால் தேய்க்கக்கூடாது. தேய்த்தால் நார் தோலுக்குள் இறங்கி இரவு முழுக்க அரிக்கும்.

தோலைத் தூக்கியதும் பார்த்தது: மரக்கட்டை இருந்த இடத்தில் ஈரத்தூள்தான். சுற்றியிருந்த நுரை நன்றாக இருந்தது, கட்டையை ஒட்டி ஒரு விரல் அகலம் மட்டும் நொறுங்கிப் பழுப்பாகியிருந்தது. உளியால் சுரண்டி, நல்ல மஞ்சள் நுரை வரும்வரை எடுத்தேன். பின்பக்கத் தோலின் உள்முகத்தை 40-ம் நம்பர் எமரியால் முரடாக்கினேன். பிறகு மொட்டைமாடி வெயிலில் போட்டாயிற்று. இந்த இடத்தில் அவசரப்படக்கூடாது. ஈரத்தின்மேல் பாலியெஸ்டர் பிடிக்காது. கண்ணாடிபோல இறுகும், ஆனால் தனியே கழன்று வரும்.

கட்டைக்கு, ஆசாரியின் பட்டறையில் கிடந்த பழைய தேக்கு நிலையின் துண்டு. பழைய தேக்கு என்றால் காய்ந்து அடங்கிய மரம், இனி முறுக்காது. மரைன் பிளைவுட் போடலாமே என்று ஆசாரி கேட்டார். படகில் அதைத்தான் போடுகிறார்கள். ஆனால் படகில் போல்ட் பலகையின் முகத்தில் ஏறுகிறது. கதவுக் கீலின் ஸ்க்ரூ கதவின் விளிம்பில் ஏறுகிறது. பிளைவுட்டைச் சாதாரணமாக வைத்தால் ஸ்க்ரூ அடுக்குகளுக்கு நடுவில் புகுந்து அவற்றைப் பிரிக்கும். முழு மரம்தான் இங்கே பொருத்தம். அதிலும் ரேகை கதவின் உயரத்தோடு ஓட வேண்டும், ஸ்க்ரூ ரேகைக்குக் குறுக்கே ஏற வேண்டும். ரேகையோடு ஏறும் ஸ்க்ரூவுக்குப் பிடி குறைவு.

தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு, ரெசின் ஒட்ட அது தடை. அசிட்டோன் நனைத்த துணியால் நன்றாகத் துடைத்து, காய்ந்த கையோடு ஆறு பக்கமும் ரெசின் பூசினேன். முனைகளில் மரம் ரெசினைக் குடித்துக்கொண்டே இருந்தது. குடிப்பது நிற்கும்வரை தடவினேன். கட்டையை விளிம்புக் கோட்டிலிருந்து சுமார் 5 மி.மீ. உள்ளே தள்ளி வைத்தேன். மேலே புதுத்தோலின் கனமும் கீல் தகட்டின் கனமும் வர வேண்டும் அல்லவா? இப்படி வைத்தால் கீலுக்குத் தனியாகப் பள்ளம் செதுக்க வேண்டியதில்லை, புதுத்தோலை வெட்டித் திறக்கும் வேலையும் இல்லை.

கட்டையைச் சுற்றியுள்ள இடைவெளிக்கு, ரெசினில் வெட்டிய நாரையும் டால்க் பவுடரையும் குழைத்த புட்டி. இதை ஒரே தடவையில் நிரப்பக்கூடாது. பாலியெஸ்டர் இறுகும்போது சூடாகும். கனமாக ஊற்றினால் சூடு வெளியேற வழியில்லாமல் புகைந்து வெடிப்பு விடும். விரல் கனத்துக்கு ஒரு தடவை, சூடு தணிந்ததும் அடுத்த தடவை.

நாரும் ரெசினும்

தோல் கட்டுவதற்குச் சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட். விரல் நீளத்துக்கு வெட்டிய கண்ணாடி நார்களைத் தாறுமாறாகப் பரப்பி லேசாக ஒட்டிய வெள்ளைப் பாய் அது. ஒரு அடுக்கு சுமார் 1 மி.மீ. கனம் தரும். பழைய தோலுக்கு இரண்டு அடுக்கு போதும். கீல் வரும் இடம் என்பதால் மூன்று போட்டேன். மேட்டின் எடையைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் தேவைப்படும். 100 கிராம் ரெசினுக்கு ஒன்று முதல் இரண்டு கிராம் கேட்டலிஸ்ட். நம் ஊர் வெயிலில் ஒன்றே போதும். மாலையில், நிழலில் வைத்துச் செய்தேன். கலந்த ரெசின் கால் மணி நேரம் இறுகாமல் கையில் இருக்கும். ஒரு கிண்ணத்துக்கு மேல் ஒரே நேரத்தில் கலக்க வேண்டாம்.

மேட்டைக் கத்தரியால் நேராக வெட்டாமல் கையால் பிய்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் அண்ணன். பிய்த்த ஓரத்தில் நார்கள் நீட்டிக்கொண்டிருக்கும், பக்கத்துத் தோலோடு கலந்து ஓரம் தெரியாமல் அடங்கும். முதலில் தேய்த்த இடத்தில் ரெசின், அதன்மேல் மேட், அதன்மேல் பிரஷ்ஷால் குத்திக் குத்தி ரெசின். தேய்க்கக்கூடாது, குத்த வேண்டும். வெள்ளைப் பாய் ரெசினைக் குடித்ததும் நிறமற்றுப் போகும், அடியில் தேக்கின் ரேகை தெரியும். எங்கே இன்னும் வெள்ளை தெரிகிறதோ அங்கே காற்று இருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தைச் சின்ன இரும்பு உருளையால் ஓரம் நோக்கித் தள்ளி வெளியேற்ற வேண்டும். வேலையின் தரம் முழுவதும் இந்தப் பத்து நிமிடத்தில் இருக்கிறது. நார்தான் இழுவையைத் தாங்குவது. ரெசின் நார்களை அதனதன் இடத்தில் பிடித்து வைக்கிறது. நடுவில் காற்று புகுந்தால் இரண்டுக்கும் தொடர்பு அறுந்துவிடும்.

கையில் வேலை நடக்கும்போது இந்தப் பொருளின் பிறப்பு நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. 1932-ல் அமெரிக்காவின் ஓவன்ஸ் இல்லினாய்ஸ் கண்ணாடி நிறுவனத்தில் டேல் க்ளைஸ்ட் என்ற இளைஞர் கண்ணாடிக் கட்டிகளை உருக்கி ஒட்ட முயன்றபோது, அழுத்தக் காற்று உருகிய கண்ணாடிமேல் பட்டு, அது மெல்லிய நாராகச் சிதறியது. அதை வீணென்று கூட்டித் தள்ளாமல், கேம்ஸ் ஸ்லேட்டரின் தலைமையில் உற்பத்தி முறையாகவே வளர்த்தெடுத்தார்கள். அதே 1930களில் கார்ல்டன் எல்லிஸ் இந்த வகைப் பாலியெஸ்டர் ரெசினுக்குக் காப்புரிமைகள் பெற்றார். 1942-ல் ஓஹாயோ மாநிலத்தின் டொலீடோவில் ரே கிரீன் இரண்டையும் சேர்த்து ஒரு சிறு படகு செய்தார். ஒரு கண்டுபிடிப்பு தனியாக நின்றதில்லை. நார் வெறும் பஞ்சு, ரெசின் வெறும் கண்ணாடிபோல் உடைவது. சேர்த்தால்தான் படகு, சேர்த்தால்தான் கதவு.

விளிம்பில் மேட் மடங்கிப் போக வேண்டும். கண்ணாடி நார் கூர்மையான மூலையில் மடங்காது, தூக்கிக்கொண்டு நிற்கும். அதனால் கட்டையின் மூலையை முன்கூட்டியே அரத்தால் உருட்டியிருந்தேன். மூன்றாவது அடுக்கு முடிந்ததும் மேலே கெட்டியான பாலியெஸ்டர் ஷீட், அந்தக் காலத்தில் ஓஹெச்பியில் வைத்துப் பாடம் நடத்துவார்களே, அந்த ஷீட்டை விரித்து, அதன்மேல் பிளைவுட் துண்டை வைத்துக் கிளாம்ப் போட்டேன். இதில் இரண்டு லாபம். சாதா ரெசினின் மேற்பரப்பு காற்றுப் பட்டால் பிசுபிசுப்பாகவே நிற்கும், ஷீட் காற்றை மறைத்துவிடும். கழற்றும்போது பரப்பும் வழவழவென்று வரும்.

மறுநாள் ஷீட்டை உரித்து, ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தால் ஒட்டு முழுக்கத் தட்டிப் பார்த்தேன். திடமாக இருக்கும் இடத்தில் "டிக் டிக்" என்று கூர்மையான சத்தம், உள்ளே காற்று இருந்தால் "டொக்" என்று மந்தமான சத்தம். ஒரு மூலையில் மட்டும் மந்தமாகக் கேட்டது, அந்த இடத்தைத் தேய்த்துத் திறந்து மறுபடி கட்டினேன். பிறகு எமரி, கதவின் நிறத்துக்கு நிறமி கலந்த ஜெல்கோட் என்ற மேற்பூச்சு ரெசின், மறுபடியும் ஷீட். உற்றுப் பார்த்தால் நிறத்தில் ஒரு சாயல் வித்தியாசம் தெரியும், அவ்வளவுதான்.

நிலைப் பக்கம்

எங்கள் வீட்டு நிலை சிமெண்ட் நிலை. வார்க்கும்போதே கீல் இடங்களில் மரக்கட்டை பதித்திருந்தார்கள். அதுவும் ஆடிக்கொண்டிருந்தது. கதவை மட்டும் சரிசெய்து இதை விட்டால் பாதி வேலை. மரத்தைக் குடைந்து எடுத்து, ஓட்டையை எப்பாக்சி கலவையால் அடைத்து, இறுகியபின் 8 மி.மீ. ஓட்டை போட்டு நைலான் பிளக் வைத்தேன். நிலையின் ஓரம் பக்கத்தில் இருப்பதால் டிரில்லை ஹாமரில் வைக்காமல், சாதா சுழற்சியில் பொறுமையாகத்தான் போட வேண்டும். ஹாமரில் போட்டால் ஓரம் பெயர்ந்துவிடும்.

இந்தப் பிளக்கை நம் கொத்தனார்கள் எல்லோரும் ராவல் பிளக் என்கிறார்கள். ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்ற லண்டன்காரரின் பெயர் அது. பிரிட்டிஷ் மியூசியத்தில் சுவரைச் சிதைக்காமல் மின்சாரச் சாமான்களைப் பொருத்த வேண்டியிருந்தது. அதற்காக அவர் செய்த பிளக், சணல் நாரை விலங்கு ரத்தத்தால் ஒட்டிச் செய்தது. 1911-ல் கண்டுபிடித்தது. நாரும் ஒட்டும் பொருளும் சேர்ந்த அதுவும் ஒரு கூட்டுப்பொருள்தான்! 1958-ல் ஜெர்மனியின் ஆர்ட்டுர் ஃபிஷர் நைலானில் செய்தார். ஸ்க்ரூ ஏற ஏற விரிந்து சுவரை இறுக்கும் சின்னக் குழாய். கீலைப் பற்றி யோசிக்கும் யாரும் இந்த இரண்டு பேரையும் கும்பிட வேண்டும். ஸ்க்ரூவுக்குப் பிடி இல்லாத இடத்தில் பிடியை உண்டாக்கிக் கொடுத்தவர்கள்.

மாட்டியது

மேலே போட்ட நான்கு அங்குலக் கீல், ஸ்க்ரூ இரண்டுமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 ரகம். கடையில் எஸ்.எஸ். என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் 202 தருவார்கள். அதில் நிக்கல் குறைவு, மாங்கனீஸ் அதிகம், கடல் காற்றில் சீக்கிரமே பழுப்புப் புள்ளி விழும். காந்தத்தை வைத்துப் பார்த்துப் பிரயோசனமில்லை, இரண்டுமே ஒட்டாது. ரகம் பொறித்த சரக்கையோ, நம்பிக்கையான கடையையோதான் நாட வேண்டும். கீல் ஒரு ரகம், ஸ்க்ரூ ஒரு ரகம் என்று மட்டும் வாங்கவே கூடாது.

ஸ்க்ரூ 10-ம் நம்பர், 40 மி.மீ. நீளம். இதற்கு இரண்டு அளவில் ஓட்டை. ஃபைபர் தோலில் ஸ்க்ரூ தடையில்லாமல் நுழைய 5 மி.மீ., உள்ளே தேக்கில் 3 மி.மீ.க்குச் சற்று மேல். தோலிலும் மரை கடித்தால் ஓட்டையைச் சுற்றி வெள்ளையாக நுண்விரிசல் விடும், தண்ணீர் நுழைய அதுவே வாசல். தேக்கு ஓட்டைகளில் முதலில் கொஞ்சம் அரால்டைட் விட்டு, சுவரெல்லாம் நனைய வைத்து, இறுகிய பிறகு மறுபடி அதே அளவில் துளைத்தேன். இனி ஸ்க்ரூ ஓரமாகத் தண்ணீர் இறங்கினாலும் மரத்தைத் தொடாது. ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் சிலிக்கான் தோய்த்து, கையாலேயே முடுக்கினேன். டிரில்லில் முடுக்கினால் கடைசிச் சுற்றில் மரையைத் தின்றுவிடும்.

கதவைத் தூக்கி நிறுத்தும்போது கீழே பிளைவுட் துண்டுகளை அடுக்கி 10 மி.மீ. இடைவெளி, பக்கங்களில் 3 மி.மீ. தூக்குக்குண்டு விட்டு நிலை செங்குத்தா என்று பார்த்துக்கொண்டேன். மேல் கீலில் ஒரு ஸ்க்ரூ, கீழ்க் கீலில் ஒரு ஸ்க்ரூ மட்டும் போட்டு, ஆட்டிப் பார்த்து, எந்தக் கோணத்தில் விட்டாலும் தானாக நகராமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே மற்ற ஸ்க்ரூக்கள். தாழ்ப்பாள் பழைய கொண்டியில் சரியாக உட்கார்ந்தது. கதவு தன் பழைய உயரத்துக்கு வந்துவிட்டது என்பதற்கு அது ஒன்றே போதும்.

செலவு, புதுக் கதவின் விலையில் கால்பங்குகூட ஆகவில்லை. அதிலும் பாதிக்கு மேல் கீலுக்கும் ஸ்க்ரூவுக்கும்தான். புதுசு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: எந்தப் பொருளில் வாங்கினாலும் கீல் இடத்தில் உள்ளே என்ன என்று கேளுங்கள். டபிள்யூபிசி பலகை முழுக்க ஒரே பொருள், மக்காது, ஆனால் உள்ளே நுரைத்த பொருள் என்பதால் மரையின் பிடி தேக்கைவிடக் குறைவு. அதில் நீளமான ஸ்க்ரூ, அளவான ஓட்டை, அதிகக் கீல். பிவிசி வெயிலில் இளகும், வெளிவாசலுக்கு வேண்டாம். உள்ளே கூடாக இருக்கும் பிவிசி கதவாக இருந்தால் கீல் வரும் இடத்தின் கூட்டுக்குள் இரும்புக் குழாயோ மரமோ செருகியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மிஞ்சிய ரெசினைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது. திறந்த வெளியில், கலந்து இறுக வைத்துக் கட்டியாக்கித்தான் குப்பையில் போட வேண்டும். கேட்டலிஸ்ட் பாட்டிலை வீட்டில் வைத்துக்கொள்ள மனமில்லை. கரையிலிருக்கும் அண்ணனிடமே கொடுத்துவிட்டேன், அவருக்குத் தினமும் வேலை இருக்கிறது. கீழ்க் கீலின் ஸ்க்ரூக்களையும் கழற்றிப் பார்த்தேன். துரு தொடங்கியிருக்கிறது, மரம் இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது. அங்கே ஜன்னல் வெட்டத் தேவையில்லை. ஐப்பசி மழைக்கு முன் அரால்டைட்டும் 304 ஸ்க்ரூவும் போட்டு அடைத்துவிட வேண்டும்.